கருவாடு என்று சொன்ன கத்தி

எங்கள் குடும்பத்தில் கத்தி பிடிக்கத் தெரியாத முதல் ஆண்பிள்ளை நான்தான். தாத்தா, அப்பா, சித்தப்பாமார் எல்லோரும் தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டியவர்கள். நான் படித்து மாஸ்டர் ஆனேன். விடுமுறையில் ஒருதரம் வீறாப்பாக அப்பாவின் கத்தியை வாங்கி ஒரு செடியில் கைவைத்தேன். கவ்வாத்தில் ஒரே வீச்சு. வெட்டுவாய் சரிவாக, பிசிறில்லாமல் விழ வேண்டும். வாது பிளந்துவிட்டால் மழைத்தண்ணி இறங்கி அழுகிப்போகும். நான் வெட்டியதில் பிளக்காத வாது ஒன்றும் இல்லை. அப்பா கத்தியை வாங்கி, விரலால் கூர் பார்த்துவிட்டு, "தம்பி, நீ சோக்குக்கட்டியையே புடி. செடி பாவம்" என்றார்.

வெட்டத் தெரியாதது போகட்டும், கத்தியைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஹுன்னஸ்கிரியவில் கத்தி இல்லாமல் ஒரு காலை விடியாது. பெரட்டு முடிந்து மலைக்குப் போகிறவர் தோளில் கவ்வாத்துக் கத்தி. மிளகுக் கொடி பார்க்கப் போகும் சிங்களக் கிராமத்தார் கையில் மன்னா. மகியங்கனை பஸ்கள் போகும் அந்த ரோட்டில் தம்பிலி விற்பவர் கையிலும் மன்னாதான். கத்தியை வாங்கில் சாத்தி வைத்துவிட்டு பிளேன்டீ குடிப்பார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

என்னைப் பார்த்தார்கள். நக்கிள்ஸ் மலைக்குள் இருக்கிற மீமுரே கிராமத்துக்கு நடைபயணம் போகலாம் என்று கூடப் படிப்பிக்கிற சிலர் கிளம்பினோம். அதற்காகக் கண்டியில் ஒரு கத்தி வாங்கினேன். மடக்குகிற சாதி இல்லை, தோலுறையில் செருகி பெல்ட்டில் தொங்கவிடுகிறது. அலகு என் நடுவிரல் நீளம்கூட வராது. அதைத் தொங்கவிட்டபடி ஹுன்னஸ்கிரியத் தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் என் இடுப்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "என்னா மாஸ்டர், யாரோடயும் பிரச்சினையா?" பக்கத்து வாங்கில் முழங்கை நீள மன்னாவோடு உட்கார்ந்திருந்தவரும் என்னைக் கவலையோடு பார்த்தார்.

"காட்டுல கொடிகிடி வெட்டத்தான்" என்றேன். கூட வந்த விஞ்ஞான சேர் காதோரம் குனிந்தார். "மெதுவாச் சொல்லுங்க. நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டுலயே பாதுகாக்கப்பட்ட வனமாகிட்டுது. அங்க கொடி வெட்டினாத்தான் கேஸ்." கத்தி வைத்திருப்பது குற்றமோ இல்லையோ, அதற்கு நான் சொன்ன காரணம் குற்றம். அன்று அந்தக் கத்தி வெட்டியது ஒரு றாத்தல் பாணை. அதையும் கோணலாக.

அவமானம் தாங்காமல் சட்டம் படிக்க உட்கார்ந்தேன். வாத்தியார் புத்தி வேறு எங்கே போகும்? பிரிட்டிஷ்காரர் இங்கே கத்தி கொண்டு திரிவதைக் கட்டுப்படுத்தவே ஒரு கட்டளைச் சட்டம் போட்டிருக்கிறார்கள். 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவையில் ஆபத்தான ஆயுதத்தால் காயம் விளைவிப்பதற்குத் தனிப் பிரிவு, 315. இந்தியாவின் ஆயுத விதிகள் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம், 2 அங்குலத்துக்கு மேல் அகலம் என்று அடிக்கோல் வைத்து அளக்கின்றன. ஆனால் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்த கத்திக்கு விலக்கு. சீக்கியர் கிர்பான் அணிவதை அரசியல் சாசனத்தின் 25ஆம் உறுப்புரையே சமய உரிமையாக ஏற்றிருக்கிறது. இங்கிலாந்தில் 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். மடங்காத கத்தி என்றால் எத்தனை சிறிதானாலும், பொது இடத்தில் தக்க காரணம் சொல்ல வேண்டும். எங்கு போனாலும் "எதற்கு" என்ற கேள்விதான் நிற்கிறது. கவ்வாத்துக்காரரிடம் அதற்குப் பதில் இருக்கிறது. என்னிடம் இருந்தது பாண்.

கண்டி ராச்சியத்துப் பிரதானிகள் இடுப்பில் செருகிய பிஹா கெட்ட என்ற கத்தியைக் கண்டி நூதனசாலையில் போய்ப் பார்த்தேன். வெள்ளி வேலைப்பாடு, சித்திரப் பிடி. அந்தக் கத்திகளில் பலவற்றுக்கு உறையிலேயே ஓர் எழுத்தாணியும் துணைக்கு இருக்கும். வெட்டவும் எழுதவும் ஒரே உறை! எனக்கு வாய்த்தது எழுத்தாணி மட்டும்.

அடுத்த தோல்வி பஸ்ஸில். அப்பாவின் கத்திக்குப் பிடி ஆடியது. கண்டியில் மாற்றித் தரச் சொன்னார். அவராக இருந்தால் கையில் பிடித்தபடி ஏறியிருப்பார். நான் வீரகேசரித் தாளில் சுற்றி, அதற்கு மேல் சாரத்தைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டேன். கொண்டக்டர் சும்மாதான் கேட்டார், என்ன சாமான் என்று. "கருவாடு" என்றேன். "மணமே இல்லையே" என்றார். பக்கத்து அம்மா மெல்ல எழுந்து பின்சீட்டுக்குப் போனார். 'கவ்வாத்துக் கத்தி, பிடி போடப் போகுது' என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அம்மா எனக்கு ஆசாரியின் கடைக்கு வழியே சொல்லியிருப்பார். ஒளிப்பது எங்கள் பக்கத்துக்கு ராசியில்லாத காரியம். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனே 1815 பெப்ரவரி 18இல் பக்கத்து மெதமஹநுவரவில்தான், ஒளிந்திருந்த இடத்தில் பிடிபட்டார்.

இருந்தாலும் இந்தப் பயத்தை முழுக்க என் கோழைத்தனம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். 2018 மார்ச்சில் தெல்தெனிய, திகன பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்து, ஊரடங்கும் அவசரகாலச் சட்டமும் வந்த நாட்களில், ஆயுள் முழுக்கக் கத்தியைத் தோளில் போட்டு நடந்த அப்பாவே அதை லயத்துக்குள் வைத்துவிட்டு வெறுங்கையோடு கடைக்குப் போனார். அடுத்த ஆண்டு ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, ஒரு முஸ்லிம் வீட்டுக் குசினிக் கத்திக்குக்கூட விளக்கம் கேட்கிற மனநிலை நாட்டில் இருந்தது. கத்தியின் நீளம் மாறவில்லை. பிடித்திருந்தவரின் பெயரை வைத்து அளந்தார்கள். எந்தச் சட்டத்திலும் இல்லாத அந்த அளவுகோலைப் பற்றித்தான் எனக்குக் கோபம்.

கோபம் வீரமாகிவிடவில்லை. அந்த மே முதல் வாரத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி அறிவித்தார்கள். நான் முதல் வசனத்தைக் கேட்டதுமே ரேடியோவை நிறுத்திவிட்டு, கத்தியை உரச் சாக்கில் சுற்றி வாழைக்கடியில் புதைத்தேன். பின்னேரம் அப்பா வந்து, கொந்தரப்பு வேலைக்குப் போக வேண்டும், கத்தி எங்கே என்றார். சொன்னேன். "அன்றாட வேலைக்குப் பாவிக்கிற கத்திக்கு விலக்குன்னு அதே அறிவித்தல்லதானே சொன்னான்? முழுசாக் கேக்க மாட்டியா?" பிள்ளைகளுக்கு நான் தினமும் சொல்வது: கேள்வியை முழுசாக வாசித்துவிட்டு எழுது. மழை வேறு பிடித்துக்கொண்டது. எந்த வாழை என்று எனக்கு நினைவில்லை. தோண்டித் தோண்டி எடுத்தபோது அலகில் துரு படர்ந்திருந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் சாணைக்கல்லை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார்.

மீமுரேக்கு நடக்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கத்தி கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால், உறையோடு பைக்குள், பாணுக்குப் பக்கத்தில் வையுங்கள். யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்; கருவாடு என்று சொல்லாதீர்கள். இந்தக் காட்டில் உங்கள்மேல் பாயப்போவது அட்டைதான். அதற்குக் கத்தி உதவாது. உப்பும் சவர்க்காரமும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.