ஊரிலிருந்து திரும்பிய மாடித்தோட்டக்காரர்

கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் போய், அக்னி நட்சத்திரம் முடிகிற சமயத்தில் சென்னைக்குத் திரும்பும் மாடித்தோட்டக்காரரை எளிதில் அடையாளம் காணலாம். பெட்டியை வாசலில் போட்டுவிட்டு நேரே மொட்டை மாடிக்கு ஓடுவார். அங்கே செம்பருத்தி தலை தொங்கி நிற்கும். புதினாத் தொட்டியில் சருகுதான் மிச்சம். "ஐயோ, என் கண்ணுங்களா!" என்று கதறுவார். (வீட்டுக்காரம்மாவை அப்படி ஒருநாளும் கூப்பிட்டதில்லை.) அடுத்த அர்ச்சனை பக்கத்து வீட்டுக்காரருக்கு: "சாவியக் குடுத்துட்டுத்தானே போனேன், ஒரு வாளி தண்ணி ஊத்தக் கூடாதா சார்?" பிறகு குழாயைத் திறப்பார். என் கட்சி இதுதான்: வெயில் குற்றுயிராக விட்டுவைத்ததைத் தீர்த்துக் கட்டுபவர் பக்கத்து வீட்டுக்காரர் அல்லர், இவரேதான்.

சாட்சி தொட்டியிலேயே இருக்கிறது. மாடித்தோட்டப் பைகளில் பெரும்பாலும் தென்னைநார்க் கழிவுதான் இருக்கும். அது ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் தண்ணீரைச் சட்டென்று ஏற்காது. சுருங்கிப் பையின் ஓரத்தை விட்டு விலகியும் நிற்கும். ஊற்றிய தண்ணீர் அந்த இடுக்கு வழியாக இறங்கி அடித்துளையில் வெளியேறிவிடும். தரை நனைந்ததைப் பார்த்து இவருக்கு மனம் குளிர்ந்துவிடும்; வேர் மட்டும் காய்ந்தே கிடக்கும். மறுநாளும் இலை தொங்குகிறதே என்று காலை, மதியம், மாலை மூன்று வேளையும் அபிஷேகம். ஒருவழியாக நார் ஊறியபின் அதை உலரவே விடமாட்டார். பிழைத்திருந்த நாலு வேரும் காற்றில்லாமல் அழுகும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது, ஆகவே இலை தாகத்தில் தொங்குவதைப் போலவே தொங்கும். "இன்னும் தாகம் அடங்கல போல" என்று இன்னொரு வாளி! போதாக்குறைக்கு, தெம்பு வரட்டுமென்று ஒரு பிடி டி.ஏ.பி. உரமும் போடுவார். உரத்தின் உப்பு மண்ணில் கூடினால் வேர் தண்ணீர் எடுக்கத் திணறும். நோயாளிக்கு வைத்த விருந்து அது.

"போன வருஷம் இப்படி ஊத்தித்தானே புதினா தழைச்சது?" என்று அவர் மடக்கலாம். தழைத்தது உண்மை. புதினாவின் தண்டு மண்ணுக்கடியில் ஓடி உயிரைப் பதுக்கி வைத்திருக்கும். அந்தப் பெருமை புதினாவுக்குரியது. எல்லாம் பாசத்தால்தானே என்பது இன்னொரு வாதம். பாசமேதான், மறுக்கவில்லை. ஆனால் அதே மாடியில் அவர் ஏறெடுத்தும் பார்க்காத கற்றாழை கொழுத்து நிற்கிறதே, அதற்கு என்ன சொல்வார்?

செய்யவேண்டியது கொஞ்சம்தான். தொட்டியை நிழலுக்கு நகர்த்தி, ஒரு பெரிய வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி அடங்கியதும் எடுத்து வடியவிட வேண்டும். மேல்மண் காயும்வரை மறுபடி ஊற்றக் கூடாது. கறிவேப்பிலை, செம்பருத்தித் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டினால் பச்சை தெரிகிறதா பாருங்கள்; தெரிந்தால் உயிர் இருக்கிறது, பிடுங்கிவிடாதீர்கள். துளிர் வரும்வரை உரப் பையைப் பக்கத்து வீட்டுக்காரரிடமே கொடுத்து, தினமும் ஒரு பிடி போடச் சொல்லுங்கள். கட்டாயம் மறந்துவிடுவார்.