பயன்வாதமும் ஸகரப் பஞ்சமும்

1952-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதியன்று அமெரிக்கத் தத்துவ ஞானி ஜான் டியூயி, 92 வயது நிறைந்து, நியூயார்க்கில் காலமானார். நிறைவாழ்வு வாழ்ந்து முடித்த அந்தப் பெரியவரின் மரணத்தால், அவருடைய உற்றார் உறவினருக்கு அடுத்தபடியாக அதிகக் கஷ்டத்துக்கு உள்ளானவன் நானாகத்தான் இருக்கவேண்டும். ஏனெனில், அவர் மறைந்து நாலு நாள் கழித்து, வாலிபத்தில் அவரிடம் பாடம் கேட்ட டாக்டர் அம்பேத்கருக்கு, அவர் நெடுங்காலம் போதித்த கொலம்பியா சர்வகலாசாலை கௌரவப் பட்டம் அளித்தது என்ற விவரத்தையும் சேர்த்துப் படித்துப் பரவசமடைந்துவிட்ட என் நண்பரான மாதப் பத்திரிகை ஆசிரியர், என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "ஓய், பிராக்மாடிஸம் என்கிறார்களே, அதைப் பற்றி நாலு பக்கம் வேண்டும், நீர்தான் எழுதவேண்டும்" என்றார். நான் ஓர் ஆபீஸ் குமாஸ்தா. தத்துவத்துக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம், வருஷத்துக்கு ஒரு முறை கீதைப் பிரசங்கத்தில் தூங்கிவிட்டு வருவதோடு சரி. அதைச் சொன்னேன். "அதனால்தான் உம்மிடம் வந்தேன், தெரிந்தவர்கள் எழுதினால் யாருக்குமே புரிவதில்லை" என்று சொல்லிவிட்டு, வெற்றிலையைத் துப்பி எழுந்து போனார்.

மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்ததில் டியூயி கிடைக்கவில்லை. வில்லியம் ஜேம்ஸ் கிடைத்தார், 12 அணாவுக்கு. 1906-ஆம் வருஷக் கடைசியில் பாஸ்டனிலும் அடுத்த ஜனவரியில் நியூயார்க்கிலும் அவர் செய்த எட்டுப் பிரசங்கங்கள் அவை. 1907-இல் புத்தகமாக வந்து, அட்லாண்டிக் சமுத்திரத்தின் இரு கரைகளிலும் பேராசிரியர்களைச் சண்டைக்கு இழுத்தன. எனக்கு முன் அப்பிரதியை உடைமையாகக் கொண்டிருந்த மகானுபாவர், 18-ஆம் பக்கம் வரை வரி விடாமல் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிட்டு, அதன்பின் ஒரு கீறல்கூட இடாமல் நிறுத்தி, கடைசி வெற்றுத் தாளில் சலவைக் கணக்கு எழுதி வைத்திருந்தார்: வேஷ்டி 4, சட்டை 6, தலையணை உறை 2, பாக்கி 5 அணா. பிற்பாடு, எந்தக் கருத்தானாலும் அதன் ரொக்க மதிப்பு என்ன என்று கேட்டுப் பார்க்கவேண்டும் என்று ஜேம்ஸ் வற்புறுத்தும் இடத்தை நான் அடைந்தபோது, அந்த முன்னோடி என்னைவிட நன்றாகவே புரிந்துகொண்டுதான் நிறுத்தினாரோ என்ற சந்தேகம் எனக்கு உண்டாயிற்று.

நானும் அவரைப்போலத்தான் ஆரம்பித்தேன்: ஒரு கையில் அகராதி, மறு கையில் பென்சில், நெற்றியில் விபூதி. சொல் ஒவ்வொன்றும் தெரிந்த சொல்லாகவே இருந்தது. சேர்ந்து நின்றபோது மாத்திரம், கல்யாண வீட்டில் கூடிவிட்ட தூரத்துப் பந்துக்களைப்போல, யார் யாருக்கு என்ன முறை என்பது விளங்கவில்லை. இந்த இருளிலிருந்து என்னை மீட்டது எந்த வியாக்கியானமும் அன்று. எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் பொதுவான சுவர். அந்த வீட்டு மாமியாருக்கு வெண்கலத் தொண்டை. மருமகள் பேசுவது இந்தப் பக்கம் விழாது. "அப்படியென்றால், ஊறுகாய்க்கு உப்புப் போடத் தெரியாமலா நான் ஐந்து பிள்ளை பெற்றேன்?" என்று மாமியாரின் குரல் சுவரைத் தாண்டி வந்தால், மருமகள் என்ன சொல்லியிருப்பாள் என்பதை என் அத்தை கணப்பொழுதில் ஊகித்து, குரல் உட்பட நடித்துக் காட்டிவிடுவாள். தத்துவ நூல் என்பதும் ஒரு குரல் மட்டும் கேட்கும் சண்டைதான் என்பது ஓர் இரவு எனக்குத் திடீரென்று புலப்பட்டது. அன்றுமுதல் பக்கத்துக்குப் பக்கம் "மருமகள் என்ன சொன்னாள்?" என்று கேட்டுக்கொண்டு படித்தேன். பிரபஞ்சம் அனைத்தும் ஒரே பூரண வஸ்து என்போர் ஒரு கட்சி, எல்லாம் ஜடமே என்போர் மற்றொரு கட்சி, இருவருக்கும் நடுவே நின்று ஜேம்ஸ் கூச்சலிடுகிறார் என்பது பிடிபட்டது. நாலாம் பிரசங்கத்தில் அந்த முதற் கட்சியின் தலைசிறந்த பிரதிநிதியாக நம் சுவாமி விவேகானந்தரையே அவர் கொண்டுவந்து நிறுத்தியிருப்பதைக் கண்டபோது, வெளியூர்க் கச்சேரியில் சொந்தக்காரரைக் கண்டதுபோல எழுந்து நின்றுவிட்டேன்.

ஆனால் என்னை மோசம் செய்தது அணில். இரண்டாம் பிரசங்கத்தில், மலைமேல் முகாம் போட்டிருந்த நண்பர்கள் சிலர் காரசாரமாகத் தர்க்கித்துக்கொண்டிருக்கிறார்கள். மரத்தின் ஒரு பக்கத்தில் அணில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. மறுபக்கத்தில் ஒரு மனிதன் அதைப் பார்க்கச் சுற்றுகிறான். அவன் சுற்றச் சுற்ற அதுவும் மரத்தை நடுவில் வைத்துக்கொண்டு நகர்கிறது. மனிதன் மரத்தைச் சுற்றினான், சரி, அணிலைச் சுற்றினானா? "சுற்றுவது என்று எதைச் சொல்கிறீர்கள்?" என்று ஜேம்ஸ் கேட்கிறார். அணிலுக்கு வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று வரிசையாக நின்றான் என்பது பொருளானால் சுற்றினான், அதன் முன்புறம், வலப்புறம், பின்புறம், இடப்புறம் என்று நின்றான் என்பது பொருளானால் சுற்றவில்லை, சண்டை தீர்ந்தது. இதைச் சோதிக்காமல் எழுதுவது தர்மமன்று என்று கருதி, மறுநாட் காலை புத்தகமும் கையுமாக எங்கள் கொல்லை வேப்பமரத்தைச் சுற்றினேன். ஸ்ரீராமன் முதுகில் தடவிக் கொடுத்த நாள் முதலாகச் செல்லம் கொண்டுவிட்ட நம் ஊர் அணில், கால்வாசிச் சுற்றுக்குள்ளாகவே தர்க்கத்தைக் கைவிட்டு நேராக உச்சிக் கிளைக்கு ஏறி, வாலை வெட்டி வெட்டி என்னைத் திட்டியது. ஒருவேளை இறங்கி வருமோ என்று நான் ஆறாவது சுற்றில் இருக்கையில், சுவருக்கு மேலே அந்த வெண்கலத் தொண்டை எழுந்தது: "ஏனப்பா, சுற்றுகிறதுதான் சுற்றுகிறாய், அரசமரத்தைச் சுற்றப்படாதோ? அதற்காவது பலன் உண்டு!"

பாஸ்டனிலிருந்து இந்த அம்மாளைக் கேட்க ஒருவரும் வரவில்லையே என்று நான் வருந்தினேன்.

இந்தக் கொள்கைக்கு மூலபுருஷர் சார்லஸ் பீர்ஸ் என்று ஜேம்ஸே சொல்லியிருந்தபடியால், ஒரு பேராசிரியரிடம் பீர்ஸையும் இரவல் வாங்கினேன். கருத்துக்களைத் தெளிவாக்கிக்கொள்வது எப்படி என்று 1878-இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பைப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். ஊசல்களை ஆட்டிப் பூமியின் ஆகர்ஷணத்தை அளந்தவர், சர்வகலாசாலை உத்தியோகத்தை இழந்தவர், ஜேம்ஸ் முதலான நண்பர்கள் திரட்டிக் கொடுத்த பணத்தில் கடைசிக் காலத்தைக் கழித்தவர். அப்பேர்ப்பட்ட ஏழை கேட்கும் கேள்வி வைரத்தைப் பற்றியது. பஞ்சுப் பொதிக்குள்ளே உருவாகி, யாரும் ஒருமுறைகூட அழுத்திப் பாராமலே எரிந்து சாம்பலாகிவிட்ட வைரம், கடினமாக இருந்ததா, இல்லையா? இதை அத்தையிடம் கேட்டது என் பிசகு. காதுத் தோட்டைப் பஞ்சில் சுற்றித் தகர டப்பியில் வைத்திருப்பவள் அவள். என் முகத்தை உற்றுப் பார்த்து, ஒன்றும் பேசாமல் உள்ளே போய், டப்பியைத் திறந்து பார்த்துவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, "உனக்குக் கடன் ஏதாவது இருந்தால் நேராகச் சொல்லு" என்றாள்.

எழுதிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆதிகாலந்தொட்டு மனிதன் சிந்தித்து வந்திருக்கிறான் என்று தொடங்கி, 14 பக்கம் எழுதினேன். ஆசிரியர் படித்துவிட்டு, "உமக்குப் புரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடும்" என்றார். மூன்றரை வரி மிஞ்சிற்று. அதற்கு அணிலையும் சுவரையும் சேர்த்துத்தான் நாலு பக்கம் ஆக்கினேன்.

அச்சுக்கூடத்திலிருந்து கம்பாஸிட்டர் ஆள் அனுப்பினார். போனேன். கேஸ் பெட்டியில் காலியாகக் கிடந்த ஓர் அறைக்குள் விரலை விட்டுக் காட்டி, "ஸார், ஸானா தீர்ந்து போச்சு. ஜேம்ஸ், பீர்ஸ், பிராக்மாடிஸம் என்று வரிக்கு மூணு கேட்கிறீங்க. ஸ்ரீரங்கம் உற்சவ மலரிலே போட்டதே பாக்கி இருக்கு. இது என்ன ஸார், பிராக்மாடிஸிஸம்? தப்பா, இல்லே வேறேயா?" என்றார். வேறேதான் என்று விளக்கினேன். தம் கொள்கையைப் பலரும் பலவாறாகத் திரித்துவிட்டார்களே என்று நொந்த பீர்ஸ், 1905-இல் அதற்குப் புதிதாக இப்படி ஒரு பெயரிட்டார். பிள்ளை பிடிக்கிறவர்களும் தொடமாட்டாத அளவுக்கு அவலட்சணமான பெயர் அது என்று அவரே திருப்திப்பட்டுக்கொண்டார். மூன்று வருஷத்துக்குள் லவ்ஜாய் என்பவர் எண்ணிப் பார்த்து, பிராக்மாடிஸம் 13 வகை என்று கணக்குக் கொடுத்தார். கம்பாஸிட்டர் கேட்டுக்கொண்டே ஸ்டிக்கில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். "பதிமூணுக்கும் ஸானா உண்டா ஸார்?" என்றார்.

நான் ஜமாபந்திக்காக வெளியூர் போயிருந்த வாரத்தில் ஃபாரம் மெஷினேறிவிட்டது. ஆசிரியரின் அனுமதியோடு, பிராக்மாடிஸம் வந்த இடமெல்லாம் பயன்வாதம் என்றும், பிராக்மாடிஸிஸம் வந்த இடமெல்லாம், அதுவும் பயன்வாதம் என்றும் மாற்றிக் கோக்கப்பட்டிருந்தது. அதன் பயனாக மூன்றாம் பக்கத்தின் நடுவே, "தம் கொள்கை பயன்வாதம் அன்று, பயன்வாதமே என்று பீர்ஸ் பிரகடனம் செய்தார்" என்று ஒரு வாக்கியம் அச்சாகியிருந்தது.

வந்த கடிதம் ஒன்றே ஒன்று. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். கட்டுரையின் மற்றப் பகுதிகள் சாமானியமாக இருந்தபோதிலும், மூன்றாம் பக்கத்து வாக்கியத்தை அன்றாடம் காலையில் ஒருமுறை படிப்பதாகவும், உபநிஷத்துக்களுக்குப் பிறகு அத்தகைய ஆழத்தைத் தாம் கண்டதில்லை என்றும், படிக்கும்தோறும் புதுப் பொருள் தோன்றுவதாகவும். பிழை திருத்தம் போடலாமா என்று ஆசிரியர் கேட்டார். போட்டால் யாருக்கு என்ன லாபம், போடாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று ஜேம்ஸ் சொன்ன முறைப்படியே யோசித்துப் பார்த்து, வேண்டாம் என்றேன். "அது கிடக்கட்டும், செத்துப்போனது டியூயி, அவரைப் பற்றி நீர் ஒரு வரிகூட எழுதவில்லையே" என்றார் அவர், மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

அடுத்த இதழுக்கு விஷயம் என்ன என்று கம்பாஸிட்டர் கேட்டபோது அந்தப் பெயரைச் சொன்னேன். அவர் கண்ணை மூடி, எழுத்தெழுத்தாக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "டியூயி. ஸானாவே கிடையாது," என்றார், "தாராளமா எழுதுங்க ஸார்."