அன்று கல்வரப்பு, இன்று புல்தரை

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், விடிந்ததும் அட்டப்பாடியின் அகளிக் கடைவீதியில் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். கடப்பாரை, மண்வெட்டி, தூக்குப்போசி சகிதம் ஆட்கள் ஏறுவார்கள். எல்லோரும் அஹாட்ஸ் வேலைக்குப் போகிறவர்கள். அட்டப்பாடி மலைப்பகுதி வளர்ச்சிச் சங்கத்தை ஊரே அப்படித்தான் சொல்லும். கேரள அரசு 1995-ல் அமைத்த அமைப்பு அது. ஜப்பானியக் கடனுதவியோடு சுமார் 219 கோடி ரூபாய்த் திட்டம். தலைமை அலுவலகம் எங்கள் அகளியிலேயே இருந்தது. மொட்டையாகிப்போன மலைகளில் மண்ணையும் தண்ணீரையும் பிடித்து நிறுத்தி, மறுபடி காடாக்குவதுதான் வேலை. பிளஸ் டூ முடித்த விடுமுறையில் அளவைக் குழு ஒன்றோடு நாடா பிடிக்கப் போனேன். என் தொழில் அங்கேதான் தொடங்கியது. அதற்கு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் என்று பெயர் உண்டென்று அந்தக் குழுவில் யாரும் சொன்னதில்லை.

கேரளம் என்றதும் அட்டப்பாடியைப் பசுமையாக நினைத்துக்கொள்பவர்கள் அதிகம். மேற்கே முக்காலிப் பக்கம் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்யும். கிழக்கே ஆனைகட்டியை நெருங்க நெருங்க 1000-ஐத் தொட்டாலே நல்ல வருடம். அந்த மழையும் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மரம் போன சரிவில் அப்படிக் கொட்டினால் மேல்மண் ஒரே பருவத்தில் பவானிக்குப் போய்விடும். இருளர், முடுகர், குறும்பர் வாழ்ந்த மலைகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்தின் கீழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் குடியேறினார்கள். என் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். காடு குறைந்தது, மண் போனது, ஓடைகள் வற்றின.

அந்த மலையில் எனக்குக் கிடைத்த முதல் கருவி ஏ-ஃபிரேம். இரண்டு மூங்கில் கால், குறுக்கே ஒரு சட்டம், உச்சியிலிருந்து நூலில் தொங்கும் ஒரு கல், அவ்வளவுதான். நூல் சட்டத்தின் நடுக்குறியில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. ஒரு காலை ஊன்றி மற்றதைச் சுழற்றி அடுத்த புள்ளி, அங்கிருந்து அடுத்தது என்று சுண்ணாம்பு இட்டுக்கொண்டே போனால் மலையின் இடுப்பைச் சுற்றி ஒரு சமமட்டக் கோடு உருவாகும். அந்தக் கோட்டில் கல்லை அடுக்கி வரப்பு போடுவார்கள். ஓடிவரும் தண்ணீர் அங்கே நின்று, மண்ணை இறக்கி வைத்துவிட்டு, மெல்ல உள்ளே இறங்கும். காண்டூர் என்ற அந்தச் சமமட்டக் கோட்டை என் உள்ளங்கால் படித்துக்கொண்டது அங்கே. பிறகு கல்லூரியில் காகிதத்தில் காண்டூர் கோடுகளைப் பார்த்தபோது எனக்கு ஏறி இறங்கும் மூச்சே நினைவுக்கு வந்தது.

கோடு போடுவதில் கருவிக்கும் எட்டாத விஷயங்கள் இருந்தன. இருளர் ஊர்களில் ஊர்த்தலைவரான மூப்பனைத் தவிர மண்ணுக்காரன் என்று ஒரு பொறுப்பு உண்டு. எப்போது விதைப்பது, எந்த நிலத்தில் எது வரும் என்று சொல்பவர். சோளையூர்ப் பக்கம் ஒரு சரிவில் எங்கள் கோட்டைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் தலையசைத்தார்.

“ஏனுங் மூப்பரே, இங்க வரப்பு வேண்டாங்களா?”

“அந்த எடத்துல தண்ணி மேல வராது அம்மிணி. பாறைக்கடியில போயிரும். கீழ, அந்த நீர்மருது நிக்குதுல்ல, அங்க போடு.”

கீழேதான் போட்டார்கள். நீர்மருது நிற்கும் இடத்தில் கோடையிலும் அடியில் ஈரம் இருக்கும். ஒரு மரத்தைப் பார்த்தே நிலத்தடியைப் படிக்கலாம் என்பதை எனக்கு எந்தப் பேராசிரியருக்கும் முன்னால் சொன்னவர் அவர். கிழக்கே வற்றிக் கிடந்த கொடுங்கரப்பள்ளம் என்ற ஓடையில் பிறகு தண்ணீர் ஓடியதை அட்டப்பாடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அஹாட்ஸுக்கு முன்பே இங்கே இப்படி முயன்றவர்கள் உண்டு. 1980-களில், அமைதிப் பள்ளத்தாக்குப் போராட்டத்தில் முன்னின்ற கவிஞர் சுகதகுமாரியின் முயற்சியால் பொம்மியாம்படியில் ஒரு மொட்டைக் குன்று கிருஷ்ணவனம் ஆனது. அதே காலத்தில் கோபாலகிருஷ்ணன், விஜயலட்சுமி என்ற ஆசிரியத் தம்பதி அகளிக்கு அருகே ஒரு வறண்ட சரிவில் குடியேறி, ‘சாரங்’ என்ற மாற்றுப் பள்ளியையும் அதைச் சுற்றி ஒரு காட்டையும் வளர்த்தார்கள். இவர்களில் ஒருவரும் எம்.ஆர்க் படித்தவர் அல்லர். ஆனால் நிலவடிவமைப்பு படிக்க வருகிற எவருக்கும் நான் முதலில் காட்ட விரும்புவது இந்தக் குன்றுகளைத்தான்.

நான் பி.ஆர்க் சேர்ந்தேன், ஐந்து வருடம். பிறகு சென்னையில் லேண்ட்ஸ்கேப்பில் மேற்படிப்பு. வகுப்பில் வெர்சாய் தோட்டம் வந்தது, நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் வந்தது, முகலாயர்களின் சார்பாக் தோட்டம் வந்தது. 219 கோடியில் ஒரு மலைநாட்டையே திருத்தி எழுதிய அட்டப்பாடி ஒரு வரியாகக்கூட வரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை. வரைபடத்தில் மரம் என்றால் ஒரு வட்டம். வேங்கை கோடையில் இலை உதிர்க்கும், புங்கன் உதிர்த்த கையோடு தளிர்த்து வெயிலுக்கு முன்னே நிழலைத் திரும்பக் கொடுத்துவிடும். இந்த வித்தியாசம் வட்டத்தில் தெரியாது.

ஆனாலும் படிப்பு ஒரு பெரிய கதவைத் திறந்தது. ஸ்காட்லாந்தில் பிறந்த இயன் மெக்ஹார்க் 1969-ல் வெளியிட்ட ‘டிசைன் வித் நேச்சர்’ நூலில் ஒரு முறையை விளக்கியிருந்தார். மண்ணுக்கு ஒரு தாள், சரிவுக்கு ஒரு தாள், நீரோட்டத்துக்கு ஒன்று, தாவரங்களுக்கு ஒன்று என்று ஒளி ஊடுருவும் தாள்களில் தனித்தனியே வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது. எங்கே கட்டலாம், எங்கே கைவைக்கவே கூடாது என்பது தானாகத் துலங்கும். அன்று ட்ரேசிங் தாளில் ராட்ரிங் பேனாவால் இழுத்து இழுத்து விரல் வலிக்கும். சர்வே ஆஃப் இந்தியா டோபோ தாளில் இருந்து பெரிதாக்கி வரைய வேண்டும். அதில் இரண்டு காண்டூர் கோடுகளுக்கு நடுவே 20 மீட்டர் உயரம் ஒளிந்திருக்கும். இன்று க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில், இஸ்ரோவின் புவன் தளத்துத் தரவுகளை வைத்து, அதே அடுக்குகளை ஒரு மாலைக்குள் போட்டுவிடலாம். இது பெரிய விடுதலை. இதைக் கற்காமல் இந்தத் தொழிலுக்கு இனி யாரும் வரக் கூடாது.

என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் ட்ரோனோடு வருகிறார்கள். அகளிக்கு அருகே ஒரு தோட்டத்தைப் பறந்து அளந்து, அரை மீட்டர் காண்டூரில் அழகான வரைபடம் கொண்டுவந்தார்கள். சரிவின் நடுவே ஒரு மேடு தெரிந்தது. “தம்பி, அங்க நடந்து பார்த்தீங்களா?” என்று கேட்டேன். “இல்ல மேம், புதரா இருந்துச்சு.” அது உண்ணிச்செடி. கேமரா அளந்தது புதரின் தலையை. மண் அதற்கு ஆளுயரம் கீழே இருந்தது. புதரை விலக்கி இறங்கினால், மேடு என்று நினைத்த இடத்தில் பள்ளம், பள்ளத்தின் குறுக்கே பாசி பிடித்த கல்வரப்பு. பழைய வரப்பு. அதன் பின்னால் முழங்கால் ஆழத்துக்குக் கரிய மண் சேர்ந்திருந்தது. அந்தப் பிள்ளைகள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

அன்று சரிவை நிறுத்தினோம். இன்று என்னைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் சரிவை வெட்டிச் சமமாக்கிப் புல்தரை கேட்கிறார்கள். தங்கும் விடுதி கட்டும் ஒருவர் கல்வரப்புகளைப் பிரித்து, அந்தக் கல்லிலேயே நடைபாதை போட்டு, மேலே மெக்சிகன் புல் விரிக்கச் சொன்னார். கோடையில் புல்தரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். 1000 சதுர மீட்டர் என்றால் தினமும் 5000 லிட்டர். ஆழ்துளைக் கிணறுதான் வழி. ஊர்ப்பெண்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும் மாதங்களில் அந்தக் கணக்கை எழுத என் கை வரவில்லை. அந்த வேலையை நான் எடுக்கவில்லை. வேறு ஒருவர் செய்து கொடுத்தார்.

நம் நாட்டில் சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அது அரித்துப்போன செம்மண் மேடு. வரப்பு போட்டு மழைநீரை நிறுத்திய பிறகுதான் அங்கே காடு வந்தது. அந்த அனுபவத்தில் வளர்ந்த பிச்சாண்டிக்குளம் குழுவினர் சென்னை அடையாற்றுக் கழிமுகத்தில் குப்பையும் இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரை மீட்டார்கள். 2011-ல் திறக்கப்பட்ட அடையாறு பூங்கா அதுதான். தில்லியில் முகமது ஷாஹீர் வடிவமைத்த சுந்தர் நர்சரி 2018-ல் திறந்தது. அவர் 2015-லேயே காலமாகிவிட்டார். மரம் நடுகிற தொழிலில் இது நேர்வதுதான். நாம் வரைந்த நிழலில் நாமே உட்கார்வோம் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் வழி கேட்கிறார்கள். நாட்டா நுழைவுத் தேர்வெழுதி பி.ஆர்க், பிறகு லேண்ட்ஸ்கேப்பில் எம்.ஆர்க் என்பதுதான் வழக்கமான பாதை. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளியில் அந்தப் பாடம் இருக்கிறது, தில்லி எஸ்.பி.ஏ., அகமதாபாத் செப்ட் ஆகிய நிறுவனங்களிலும் உண்டு. இந்திய லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டுகளின் சங்கமான ஐசோலா 2003-லிருந்து இயங்குகிறது. இவை எல்லாம் தேவை. முதல் வேலை கிடைத்ததும் கணினி முன்னால் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். ஆந்திரத்தின் கடியம் நர்சரிகளுக்கு லாரியோடு போய், பையைக் கிழித்து வேர் சுருண்டிருக்கிறதா என்று பார்த்துக் கன்று வாங்கப் பழகுங்கள். கொத்தனாரிடம் ரசமட்டம் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். புல்தரைக்கு 50-க்கு 1 சரிவு என்று நோட்டில் எழுதியதை மழையில் நின்று சரிபாருங்கள். ஒரு இடத்தைக் கோடையில் ஒரு முறை, கொட்டும் மழையில் ஒரு முறை நடக்காமல் அதற்குக் கோடு போடாதீர்கள்.

செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அகளியிலிருந்து ஆனைகட்டி வழியாகக் கோவைக்கு இறங்கினால் தடாகம் பள்ளத்தாக்கு. அங்கே செங்கல் சூளைகள் 2021-ல் மூடப்பட்டன. செம்மண் எடுத்த பள்ளங்கள் அப்படியே கிடக்கின்றன. மலையிலிருந்து வரும் ஓடைகள் அவற்றில் வழிதவறி நிற்கின்றன. எந்த ஓடை எங்கே போய்க்கொண்டிருந்தது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் அவர்களிடம் போய்க் கேளுங்கள்.