வேகம் எங்கே ஒளிந்திருக்கிறது?

கேள்வி: மரக் கேடயங்களில் பெயர் பொறிக்கிறேன். லேசர் மெஷினில் வேகம் கூட்டினால் எழுத்து வெளிறுகிறது. பெரிய டியூப் வாங்கலாமா?
– வாசகர், ஸ்கூடாய், ஜொகூர்

பதில்: பணத்தை எடுக்குமுன் லென்ஸைக் கழற்றிப் பாருங்கள். மரப்புகை படிந்து பழுப்பேறியிருந்தால், வாங்கிய சக்தியில் ஒரு பங்கை அதுவே விழுங்குகிறது. அடுத்து, அங்குலத்துக்கு 500 கோடு என்று வைத்திருந்தால், அது எதற்கு? கதிரின் புள்ளியே ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், 250 கோடே இடத்தை நிரப்பிவிடும். நேரம் பாதியாகும். அந்த லாபத்தில் லேசர் தலையைக் கொஞ்சம் நிதானமாக ஓட்டுங்கள், எழுத்து நன்றாகக் கறுக்கும். பெயரின் நீளவாக்கிலேயே ஓடட்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் அது நின்றுதான் கிளம்புகிறது. டியூபைக் குளிர்விக்கும் சில்லர் தண்ணீரை மட்டும் 18 டிகிரிக்கு இறக்கிவிடாதீர்கள். ஜொகூரின் ஈரக்காற்றில் நம்மைப் போலவே டியூபும் வியர்க்கும், உயர் மின்னழுத்தத்தில் பொறி பறக்கும். ஏசி இல்லாத கடைக்கு 26 டிகிரி போதும்.