லாரி உறுமலுக்கு இரட்டைக் கண்ணாடி

கேள்வி: வீட்டிலேயே ரெக்கார்டிங் ஸ்டுடியோ கட்டுகிறேன். நெடுஞ்சாலை லாரிச் சத்தம் மைக்கில் விழாதபடி ஜன்னல் போட முடியுமா?
– வாசகர், குண்டலுபேட்டை

பதில்: தாராளமாக! கோடம்பாக்கத்தில் ஏ.ஆர்.ரகுமான் தன் வீட்டின் பின்பக்கம் அமைத்த பஞ்சதன் ஸ்டுடியோவில்தான் 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’ பாடல்கள் பதிவாயின.

ஊட்டிச் சாலையும் வயநாட்டுச் சாலையும் பிரியும் ஊர் உங்களுடையது. ஹாரனைத் தடுப்பது சுலபம். எஞ்சினின் அடித்தொண்டை உறுமல்தான் பிடிவாதக்காரன். அவனுக்குக் கனமும் இடைவெளியும் வேண்டும். 6 மி.மீ. கண்ணாடி ஒன்று, 10 மி.மீ. லேமினேட்டட் கண்ணாடி ஒன்று, நடுவே 10 செ.மீ. இடைவெளி. இரண்டும் ஒரே தடிமனில் இருந்தால் ஒரே சுருதியில் அதிர்ந்து, அந்தச் சத்தத்தை உள்ளே விட்டுவிடும்.

ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே மயிரிழை விரிசல் இருந்தாலும் சத்தம் நுழைந்துவிடும். சிலிக்கான் சீலன்ட்டால் சுற்றிலும் அடையுங்கள்; கண்ணாடி விளிம்புக்கு ரப்பர் பீடிங். இடைவெளிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் கண்ணாடியில் நீர் பூக்காது.

இந்த ஜன்னலைத் திறக்க முடியாது. காற்றுக்குத் தனி வழி விடுங்கள்.

அந்த இரு சாலைகளும் செல்லும் பந்திப்பூர் காட்டில் இரவு 9 முதல் காலை 6 வரை பெரும்பாலான வாகனங்களுக்குத் தடை. மெல்லிய குரல் பதிவுகளை அந்நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.