ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்: ஒரு பொருளியல் ஆய்வு

பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி, சொஜ்ஜி தின்று, காபி குடித்து, வாசலில் செருப்பைத் தேடும்போது சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்." பொருளியல் அறிஞர்கள் இதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்கவே இச்சிற்றாய்வு.

கேரி பெக்கர் 1973இல் கல்யாணத்தைச் சந்தையாக வைத்துக் கணக்குப் போட்டார். தனியே இருப்பதைவிடச் சேர்ந்திருந்தால் இருவருக்கும் ஆதாயம் என்றால் கட்டிக்கொள்வார்கள் என்பது சாரம். பிற்பாடு, 1992இல், நோபல் பரிசும் வாங்கினார். எங்கள் தெருத் தரகர் இதையே சொல்லி இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறார். ஆனால் ஒன்றைப் பெக்கர் கவனிக்கவில்லை. நம் சந்தையில் அதிகம் விளைவது மறுப்பு. ஒரு கல்யாணம் கூடுவதற்குள் ஒன்பது, பத்து இடம் தட்டிப்போகிறது. தட்டிவிட்டவரும் தட்டிவிடப்பட்டவரும் அடுத்த மாதம் யாரோ ஒருவர் வீட்டு வளைகாப்பில் ஒரே பந்தியில் உட்கார வேண்டும். ஆக, முகம் கோணாமல் 'வேண்டாம்' சொல்ல ஒரு தொழில்நுட்பம் தேவைப்பட்டது.

அதுதான் ஜாதகம். பையனுக்குச் சம்பளம் போதாது என்று வாய்விட்டுச் சொன்னால் பகை. "ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை" என்றால் பழி நட்சத்திரத்துக்கு. இதுவரை எந்த நட்சத்திரமும் வாசலில் வந்து சண்டை போட்டதில்லை. பத்துப் பொருத்தமும் கூடிவிட்டால்தான் தர்மசங்கடம். அப்போது கைகொடுப்பது பதினோராம் பொருத்தம்: "வீட்ல பெரியவருக்கு உடம்பு சரியில்லை."

இனி லெட்டர். கேல், ஷேப்லி என்ற இரு கணிதக்காரர்கள் 1962இல் ஜோடி சேர்க்க ஒரு முறை சொன்னார்கள். ஒரு தரப்பு கேட்டுக்கொண்டே போகும். மறு தரப்பு, வந்ததில் நல்லதைக் கையில் வைத்துக்கொண்டு, உறுதி சொல்லாமல், மேலும் நல்லது வருமா என்று பார்க்கும். நம்மூரில் அந்தக் கை பூஜை அறை. அங்கே மஞ்சள் தடவிய ஜாதகங்கள், போடாத அந்த லெட்டருக்காக, மாதக்கணக்கில் காத்திருக்கும். இம்முறையில் கேட்கும் தரப்புக்கே ஆகக்கூடிய நல்ல ஜோடி அமையும் என்பது தேற்றம். ஜாதகம் தூக்கி அலைவது பெண் வீடு. தேற்றத்தின் இந்த வரியைப் பெண்ணைப் பெற்றவர்களுக்குப் படித்துக் காட்டும் துணிவு ஆய்வாளருக்கு இல்லை.

எத்தனை இடம் பார்க்கலாம்? முதல் 37 சதவீதத்தைப் பார்த்துத் தள்ளிவிட்டு, அவர்கள் எல்லாரையும் மிஞ்சும் முதல் ஆளைப் பிடி என்கிறது கணிதம். வானியலாளர் கெப்ளர் 1611இல் மனைவியை இழந்தபின் பதினொரு பெண்களைப் பரிசீலித்து, கடைசியில் ஐந்தாவது பெண்ணையே 1613இல் மணந்தார். ஊரார் ஜாதகம் கணித்துக் காசு வாங்கியவருக்கே இந்த நிலை. (நம் பக்கம் என்றால் அந்த ஐந்தாவது பெண்ணுக்கு அதற்குள் சீமந்தம் முடிந்திருக்கும்.) பதினொன்றில் 37 சதவீதம் ஏறக்குறைய நான்கு. அந்த நான்கு வீட்டுப் பஜ்ஜிச் செலவு யார் தலையில் என்று சூத்திரம் சொல்லவில்லை.

வரதட்சிணை கேட்பதை 1961ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. கேள்வி அதன்பின் மறுப்பு வேஷம் கட்டிக்கொண்டது: "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். உங்க பொண்ணுக்கு நீங்க செய்றதைச் செய்ங்க." இந்த 'வேண்டாம்' எட்டு கிராம் சவரனில் எடை போடத்தக்கது. அதை நிஜமான 'வேண்டாம்' என்று நம்பிய தகப்பன்களின் கதையில் சிரிக்க எதுவுமில்லை.

கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழ்கிறவர்களுக்குப் பஜ்ஜி மிச்சம். ஆனால் பிரியும்போது ரஜ்ஜு துணைக்கு வராது. சொந்த வாயால் சொல்ல வேண்டும். உத்தராகண்டில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பொது சிவில் சட்டப்படி, சேர்ந்தாலும் பிரிந்தாலும் பதிவாளருக்குத் தெரிவித்தாக வேண்டும். லெட்டர் போடுவது அங்கே சட்டக் கடமை.

களஆய்வுக்காக என் அத்தையைக் கேட்டேன். முதலில் பார்த்துவிட்டுப் போனவர்களின் லெட்டர் இன்னும் வரவில்லையாம். அத்தைக்கு இப்போது பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். பையன் முகம் நினைவிருக்கிறதா என்றேன்.

"முகத்தை யாருடா பார்த்தா? ஒன்பது வெங்காய பஜ்ஜி தின்னான். எண்ணிக்கிட்டேதான் நின்னேன்."