ரோல் கேப் ஆசை

அமெரிக்காவில் 1911 மாடல் கோல்ட் பிஸ்டலை வாங்கும் சிலர், சுடுவதற்கு முன் ஆசாரியைத் தேடுகிறார்கள். ஜான் பிரவுனிங் வடிவமைத்து, அந்நாட்டு ராணுவம் 1985 வரை இடுப்பில் செருகியிருந்த சாமான் அது. அதிலும் குறை இருக்கிறதாம்! துப்பாக்கி ஆசாரி விசையை மிருதுவாக்குவார். மேல்மூடி ஆடாமல் அரம் போட்டு இழைப்பார். பிடி வழுக்காதிருக்க, அங்குலத்துக்கு 20, 25 வரி என்று கையாலேயே கீறுவார். கைக்கு வந்து சேர மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் ஆகும். நம் பக்கத்தில் முகூர்த்தப் புடவைக்குக்கூட யாரும் இவ்வளவு பொறுக்க மாட்டார்கள்.

காஞ்சிபுரம் பக்கத்துத் தாமலில் ஒருவருக்கு இந்த ஆசை வந்தால்? 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க ஓர் உரிமம். அதைப் பழுது பார்ப்பவருக்குத் தனி உரிமம். குழலைக் குட்டையாக்க வேண்டுமா, அதற்கும் ஒன்று. காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறி இறங்குவதற்குள் குறி பார்க்கும் கண்ணில் புரை விழுந்துவிடும்.

எனக்கு வாய்த்தது தீபாவளி ரோல் கேப் துப்பாக்கி. சுத்தி கேப்பைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். எதிர்வீட்டுத் தறிக்கார மாமா அறுந்த பட்டு நூலைச் சுற்றி இறுக்கி, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டார்.

“இப்ப அடிடா.”

மூன்றாவது கேப் வெடித்தது. கூலி, இரண்டு முறுக்கு.